இஸ்திரி போட்ட வாக்கியம்

மார்ச் 4, செவ்வாய்

விடியற்காலை. வீட்டுக்காரர் பேக்கரிக்குக் கிளம்பிப் போய் அரைமணி நேரமாகிறது. அவர் போனபின் வரும் இந்த ஒரு மணி நேரம் முழுக்க என்னுடையது. ஜன்னலில் வெளிச்சம் தண்ணீர் விட்ட பால் மாதிரி வந்துகொண்டிருக்கிறது. மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். எனக்கு ஒன்றுமே வேண்டாம் போலிருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் ஒருத்திக்கு ஒன்றும் வேண்டாம் போலிருந்தால் அதற்குப் பெயர் திருப்தியா, சோம்பலா?

ஒன்றும் வேண்டாம் என்பதும் பொய்தான். நேற்று பெரிய கிளார்க் என் மேசைப் பக்கம் வந்து, "மேடம், தலைமைத் தட்டச்சர் லிஸ்ட்ல உங்க பேர்தான் முதல்ல. ஸ்வீட் எப்போ?" என்றார்.

"ஆர்டர் கைக்கு வரட்டும் சார்."

"வராம எங்க போகும்? இந்தக் கோர்ட்டுக்கே இஸ்திரிப்பெட்டி நீங்க ஒருத்தர்தானே!"

இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அதுதான் பெயர். சாட்சிகள் பேசுவது பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கும். 'வந்துங்க', 'அதாவதுங்க', 'எப்படிச் சொல்றதுன்னு தெரியல' - ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது சுருக்கம். நான் சுருக்கெழுத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வேன். தட்டச்சு செய்யும்போது வாலை நறுக்கி, மடிப்புக் கலையாமல் கொடுப்பேன். இதுவரை எந்த நீதிபதியும் என் காகிதத்தில் ஒரு அடித்தல் போட்டதில்லை. பெருமையாகத்தான் இருக்கிறது, எதற்கு மறைக்க?

மார்ச் 7, வெள்ளி

கனவில் ஒரு ஏரியின் மேல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எழுத்துகள் மிதந்து மிதந்து கரைக்குப் போயின. சுகமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பழைய சுருக்கெழுத்து நோட்டு ஒன்றை எடுத்தேன். தீர்ந்த நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதுவது என் வழக்கம். ஜன்னல் காற்றில் தாள் புரண்டு ஒரு பக்கத்தில் நின்றது. பள்ளி வேன் வழக்கு. போன வருஷம் ஒரு சிக்னலில் பள்ளி வேன் ஒன்று சைக்கிளில் போன நர்ஸம்மாவை இடித்துவிட்டது. காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். வேன் டிரைவர் சிவப்பில் வந்தாரா என்பதுதான் கேள்வி. நர்ஸுக்குத் தலையில் அடிபட்டதால் அந்த நேரம் எதுவும் ஞாபகமில்லை. பார்த்த சாட்சி ஒருவர்தான், மூலையில் செருப்புத் தைப்பவர்.

நான் தட்டச்சு செய்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்: 'சிக்னல் சிவப்பாக இருந்தது. அதை நான் பார்த்தேன்.'

நோட்டில் அந்த வரிக்குப் பின்னால் ஒரு சின்னச் சுழி இருக்கிறது. 'என்று நினைக்கிறேன்' என்பதற்கு நானே கண்டுபிடித்து வைத்திருக்கும் சுழி. ஒன்று இல்லை, இரண்டு. சிவப்புன்னு நினைக்கிறேன். பார்த்தேன்னு நினைக்கிறேன்.

நறுக்கிட்டேன். வழக்கம்போல வாலை நறுக்கிட்டேன். ஐயோ, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்!

மார்ச் 10, திங்கள்

கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஏதாவது காப்பாற்றாதா என்று தேடினேன். ஒன்றும் காப்பாற்றாது போலிருக்கிறது. செருப்புக்காரர் சாட்சி சொன்ன அன்று டிரைவரின் வக்கீல் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார், குறுக்கு விசாரணையே நடக்கவில்லை. கையெழுத்து வாங்குமுன் படித்துக் காட்டவேண்டும் என்பது விதி. "படிக்கவெல்லாம் வேணாம்மா, கடை தெறந்தபடி கிடக்கு" என்று செருப்புக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். நானும் சரி என்றேன். சாட்சியைக் காதால் கேட்ட நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதிருக்கும் நீதிபதியம்மாவுக்குக் காகிதம் மட்டும்தான் தெரியும். என் காகிதம்.

தீர்ப்பு அடுத்த திங்கள்.

நடைபாதையில் அந்த டிரைவர் உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நல்லபடி துவைத்த சட்டை. மடியில் சாப்பாட்டு டப்பா. பேசாமல் தாண்டிப் போயிருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சாப்பிட்டாச்சாண்ணே?" என்றேன்.

"ஆச்சு மேடம். வீட்ல பயந்துபோய் இருக்காங்க. எனக்குப் பயமில்ல."

"ஏன்?"

"இங்க ஒவ்வொரு வார்த்தையையும் நீங்க எழுதி வைக்கிறீங்களே. நடுவுல யாரும் கை வைக்க முடியாதுல்ல? அதான் தைரியம்."

பல்லைக் கடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனேன். அங்கே கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலைமுடியில் மாவு இருந்தது, தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"சொல்லிடு. சொன்னா எல்லாம் சரியாயிடும்."

"உங்களுக்கு எதுதான் சரியாகாது? வீடு தீப்பிடிச்சாலும் குளிருக்கு இதமா இருக்கும்பீங்க."

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாவு உப்பாத நாளும் உண்டும்மா. அன்னிக்குத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி பிசைவோம். உப்பிடுச்சுன்னு நம்மளே சொல்லிக்கிட்டு அடுப்புல வைக்க மாட்டோம்" என்றார்.

"தத்துவம் போதும், சாப்பிடுங்க" என்றேன்.

இந்த மனிதரின் நம்பிக்கையை இத்தனை வருஷம் விவரமில்லாத்தனம் என்றே நினைத்திருந்தேன். அப்படியில்லையோ?

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. லிஸ்ட் போய்விடும். அதுகூடப் போகட்டும். ஒரு காகிதம் பொய் என்றால் இருபத்திரண்டு வருஷக் காகிதத்தையும் யாராவது திருப்பிப் பார்க்க மாட்டார்களா? நானே பார்க்க மாட்டேனா?

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு முன் நீதிபதியம்மாவின் அறைக்குப் போனேன். நோட்டைத் திறந்து மேசையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"இந்தச் சுழிக்கு என்ன அர்த்தம்?"

"'நினைக்கிறேன்'னு மேடம்."

"சுருக்கெழுத்துப் புத்தகத்துல இருக்கிற குறியா?"

"இல்ல மேடம். நானா வச்சுக்கிட்டது."

"அப்போ இதை உங்களைத் தவிர வேற யாராலயும் படிக்க முடியாது. உங்க பேச்சை நம்பித்தான் ஆகணும்."

"ஆமா மேடம்."

அவர் நோட்டின் பக்கங்களைப் புரட்டினார். மின்விசிறி சுற்றுவதை நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி. பிறகு கேட்டார்: "இதுக்கு முன்னாடி எத்தனை?"

கண்ணீர்தான் வந்தது. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, இரண்டு வக்கீல்களையும் அழைக்கச் சொன்னார். செருப்புக்காரரை மறுபடி விசாரிக்க உத்தரவு.

மார்ச் 16, ஞாயிறு

மதியத் தூக்கத்தில் அவர்கள் எல்லாரும் வந்தார்கள். இருபத்திரண்டு வருஷச் சாட்சிகள். வரிசையாக, மெல்ல, ரயில் நிலையத்தில் நடப்பதுபோல. யாருக்கும் என் மேல் கோபமில்லை. ஆளுக்கொரு 'ஒருவேளை', ஆளுக்கொரு 'சரியாத் தெரியல' கேட்டார்கள், மறந்து வைத்துவிட்டுப் போன குடையைக் கேட்பதுபோல. நான் மேசை மேசையாகத் தேடிக்கொண்டே இருந்தேன்.

விழித்தபோது மாலை வெயில் சுவர் முழுக்க இருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

செருப்புக்காரர் வந்தார். வேறொரு தட்டச்சர் உட்கார்ந்தார், நான் கடைசி பெஞ்சில். எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அந்த நர்ஸம்மா.

இனிமேல் எல்லாம் நேராகிவிடும், செருப்புக்காரர் வாயாலேயே 'நினைக்கிறேன்' என்பார் என்று காத்திருந்தேன். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "சிவப்புதாங்க. அன்னிக்கே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கேனே!"

"நேரா பார்த்தீங்களா?" என்றார் நீதிபதியம்மா.

"பார்த்தேன்னுதானேம்மா எழுதியிருக்கு? வக்கீல் ஐயா வெளிய வச்சு இப்பத்தான் படிச்சுக் காட்டினாரு."

என் வாக்கியம் அவருக்குள் போய்க் குடியேறிவிட்டது. என் காகிதத்தைப் பார்த்து அவர் தன் கண்ணையே திருத்திக்கொண்டார். இப்படியும் நடக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

நீதிபதியம்மா கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "எழுதியிருக்கிறதை விடுங்க. வண்டி இடிக்கிறப்போ உங்க கையில என்ன இருந்துச்சு?"

"கையிலயா? செருப்புதாங்க. ஒரு அம்மாவோடது. குதிகால் பிஞ்சு போயி... ஆணி அடிச்சுட்டிருந்தேன்."

"ஆணி அடிக்கிறப்போ எங்க பார்ப்பீங்க?"

"ஆணியத்தான். இல்லேன்னா விரலு போயிருமே."

"அப்புறம்?"

"சத்தம் கேட்டுச்சு. நிமிந்தேன். சிவப்பு எரிஞ்சுது." சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். "சத்தத்துக்கு அப்புறம்தாங்க. அதுக்கு முன்னாடி... முன்னாடி என்னன்னு தெரியலீங்களே." முகம் பாவமாகிவிட்டது. "நான் பொய் சொல்லலீங்க."

"தெரியும். உட்காருங்க" என்றார் நீதிபதியம்மா.

மார்ச் 28, வெள்ளி

விடுதலை. சந்தேகத்தின் பலன்.

டிரைவர் எல்லாருக்கும் கும்பிடு போட்டார், எனக்கும். "சொன்னேன்ல மேடம்?" என்றார் பூரித்துப்போய். யார் எதைச் செய்தார்கள் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது போல. நான் தலையை மட்டும் ஆட்டினேன். நர்ஸம்மா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து போனார்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். லிஸ்டில் பெயர் இல்லை. திங்கள் முதல் நகல் பிரிவு. பழைய கோப்புகளில் சிலவற்றை எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம், என் நோட்டுகளையும் கேட்டிருக்கிறார்கள். பெரிய கிளார்க், "ஏன் மேடம் இந்த வேண்டாத வேலை?" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நகல் பிரிவு தரைத்தளத்தில் இருக்கிறது. முத்திரை குத்துவது, தேதி போடுவது, ஜன்னல் வழியே நீட்டுவது. என் சொல் என்று எதுவும் வெளியே போகாது. பழைய காகித வாசனையில் அரைத் தூக்கமாகவே பொழுது போகிறது. பிடித்திருக்கிறது.

சாயங்காலம் நானும் வீட்டுக்காரரும் ஆற்றோரம் நடந்தோம். எதிர்க்கரையில் யாரோ விளக்கேற்றினார்கள். "சரியாயிடும்னேன்ல?" என்றார். சரியாகிவிட்டது என்றுதான் எனக்கும் பட்டது. ஒரு மனிதர் வீட்டுக்குப் போனார், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? உடம்பெல்லாம் லேசாக, தண்ணீர் மேல் போவதுபோல நடந்தேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று அந்த நர்ஸம்மா நகல் பிரிவுக்கு வந்தார். தீர்ப்பு நகல் வேண்டுமாம். எடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவர் போகவில்லை. ஜன்னலில் சாய்ந்து நின்று கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"சந்தேகத்தின் பலன்னா? சிக்னல் சிவப்பா, பச்சையா?"

"தெரியாதும்மா. கோர்ட்டுக்குத் தெரியல."

"முதல்ல சிவப்புன்னு இருந்துச்சே. என்கிட்டயே காட்டினாங்களே."

அது என் வேலை இல்லை, வக்கீலைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். "அது நான் எழுதினது" என்றேன். "அவர் 'நினைக்கிறேன்'னு சொன்னார். நான் அதை எடுத்துட்டேன்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்கு அந்த நிமிஷம் ஞாபகமே இல்ல மேடம். நான்தான் சிக்னலைப் பார்க்காம பூந்துட்டேனோ, என் தப்புதானோன்னு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு நாளெல்லாம் அதையே யோசிப்பேன். அந்தச் செருப்புக்காரர் சொன்னதைப் படிச்சுக் காட்டினதுக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நடந்தேன்."

நான் இதை நினைக்கவே இல்லை. இத்தனை வாரத்தில் ஒரு தடவைகூட இந்த அம்மாவை நினைக்கவில்லை. ஆற்றோரம் லேசாக நடந்தேனாம்! வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

"மன்னிச்சுடுங்க" என்றேன். நீதிபதியம்மாவிடம் கேட்டாயிற்று, மெமோவுக்குப் பதிலாக எழுதியும் கேட்டாயிற்று. இவரிடம் இன்றுதான் கேட்கிறேன்.

அவர் காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். ஊன்றுகோலைச் சரிபார்த்துக்கொண்டார். வாசல் வரை போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றார். பிறகு, "இருந்திருக்கலாம்னு தோணுது. தெரியல."

அவ்வளவுதான் சொன்னார்.