நெற்றி, உதடு, வயிறு

மதிப்பிற்குரிய தம்பி அவர்களுக்கு,

உடன்பிறந்தவரைத் 'தாங்கள்' என்று விளித்து எழுதுவது எனக்கு இதுவே முதல் முறை. தங்கள் கடிதம் அவ்வளவு உயரத்திலிருந்து வந்து விழுந்ததால், கீழே நிற்பவன் அண்ணாந்துதான் பேச வேண்டியிருக்கிறது. இங்கு அனைவரும் நலம். மகள் வயிற்றுப் பேரன் சிரிக்கத் தொடங்கிவிட்டான். தங்கள் கடிதத்தை உரக்க வாசித்தபோதும் சிரித்தான்.

அவனுக்கு ஞானத்தந்தையாக நிற்க ஒப்புக்கொண்ட தாங்கள், பச்சைக் குழந்தையின் தலையில் நீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்க விவிலியத்தில் வரி இல்லை, எழுதியிருப்பதை மட்டுமே ஏற்பேன் என்று இப்போது விலகிக்கொண்டீர்கள். நன்று. நீச்சல் பயிற்சியாளராகிய தாங்கள், பேச்சே வராத குழந்தைகளை யாரிடம் சம்மதம் கேட்டுக் குளத்தில் இறக்குகிறீர்கள்? நீந்தும் முறை அச்சிட்ட புத்தகத்தைக் கையில் கொடுத்துத் தள்ளிவிடுகிறீர்களா? தாங்களும் கூடவே இறங்குவதாகத்தான் கேள்வி.

விவிலியத்துக்கே வருவோம். எந்தெந்த நூல்கள் அதில் சேரும் என்று அதன் எந்தப் பக்கமும் சொல்லவில்லை. நற்செய்தி ஏட்டில் ஏறுமுன்பே அதை வாயால் சொல்லி, அப்பம் பிட்டு, செபித்து வாழ்ந்த திருச்சபைதான் 'இவை நம்முடையவை' என்று அடையாளம் கண்டது. கடவுள் தம்மை வெளிப்படுத்தியது ஒரே ஊற்றாக. மறைநூலாகவும் மரபாகவும் அது நம்மிடம் வந்து சேர்ந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப இது கடைச் சரக்கு அன்று.

மரபு கைமாறும்போது கெடும் என்பதற்குத் தாங்கள் தந்த சான்றுதான் அபாரம். நற்செய்தி வாசிக்குமுன் கட்டைவிரலால் நெற்றி, உதடு, நெஞ்சு என்று சிலுவை வரைவோம். சிறு வயதில் தாங்கள் மட்டும் நெஞ்சை விட்டு வயிற்றில் வரைந்தீர்கள். அம்மா கேட்டதற்கு, "பசிக்குதும்மா, சாமி அங்கயும் வரட்டும்" என்றீர்கள். அதையே என் மகளுக்கும் கற்றுக்கொடுத்தீர்கள். மறைக்கல்வி வகுப்பில் அவள் தொப்புளுக்கு மேல் சிலுவை போட, ஆசிரியை, "யாரு சொல்லிக்கொடுத்த கூத்து இது?" என்று கேட்க, "எங்க சித்தப்பா!" என்று பெருமையாகச் சொன்னாள். அனைத்தும் உண்மை. அதன் பிறகு நடந்ததை மட்டும் ஏன் எழுதவில்லை? ஆசிரியை அவள் விரலைப் பிடித்து நெஞ்சில் வைத்தார். வயிறு அத்தோடு முடிந்தது, மரபு நின்றது. அதைக் கெடுத்தவரே அதன் மேல் குறை சொல்வது, கண்ணாடியை உடைத்தவன் இந்த வீட்டில் கண்ணாடியே நிலைக்காது என்று புலம்புவது போலிருக்கிறது.

தங்கள் அண்ணி, "குளத்துலயே கிடந்து உங்க தம்பிக்குக் காதுல தண்ணி போயிடுச்சு" என்று சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. வேறு ஆள் பார்க்கலாமா என்று கேட்ட பங்குத்தந்தையிடம், "எனக்கு முதல்முதல்ல சிலுவை போடக் கத்துக்கொடுத்தவரு சித்தப்பாதான் சாமி. அவரு வரலைன்னா அந்த இடம் காலியாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் திருமுழுக்கு. குழந்தையின் நெற்றியில் சிலுவை வரையும்படி பெற்றோரை அழைப்பார்கள், அடுத்து ஞானத்தந்தையை. அப்போது அங்கே ஒரு கட்டைவிரல் குறையக் கூடாது.

வாடா. நெற்றியில் மட்டும் போடு. வயிற்றை அவனே பார்த்துக்கொள்வான். ஆண்டவர் உன் பயணத்தைக் காப்பாராக. அது நம் கோயில் வாசலில் வந்து முடிவதாக.

அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அண்ணன்