இடப்பக்கத்து வால்வு

மைனி, கண்ணாடி வால்வு சூடேறித் தூசி கருகும் அந்த வாசம் இப்போது வீட்டில் எழுந்திருக்கிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்தால், "பொறு பிள்ளே, அது முழிக்கட்டு" என்று சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு பாறசாலைக்கு வந்தபோது எனக்கு மிக்ஸி பிளக்கைச் சொருகவே பயம். வால்வு மாற்றப் பழகியது உங்களோடு சேர்ந்துதான். நீங்களும் யாரிடமும் படித்ததில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு முழுக்க ஹெட்போன் மாட்டின உங்கள் காது ஒன்றுதான் நமக்கு இருந்த கருவி. நான் பெட்டிக்குப் பின்னால் குத்தவைத்து, ஆறின வால்வை உருவி இன்னொன்றைச் சொருகுவேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில்.

"இது வேண்டாம். இதுல எல்லாவனும் மூக்கால பாடுகானுவ."

வேறு ஜோடி போட்டால், "ஆ, இப்பம் சளி போச்சு."

எந்த ஜோடி எத்தனை மணி நேரம் எரிந்தது என்று நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்து உங்களுக்குச் சிரிப்பு. "நீ பரலோகத்துக்குப் போனாலும், தூதன்மாரு எத்தன மணிக்கூர் பாடினாவன்னு எழுதத்தான் செய்வ."

நீங்கள் போன பிறகு எனக்கு மிஞ்சியது ஒரு கேசட். நம் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாடினது. பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம், ரெண்டு மைக். அதனால் உங்கள் குரல் இடது ஸ்பீக்கரில்தான் வரும். உங்கள் குரல் வேறு எதிலும் இல்லை.

இந்த மழைக்கு முன்னால் அந்த இடப்பக்கம் மங்க ஆரம்பித்தது. நீங்கள் "இயேசுவே" என்று எடுக்கும்போது "சு" வரவில்லை. நோட்டைப் பார்த்தேன். இடது ஜோடி எரிந்து தீர்ந்திருக்க வேண்டிய காலம்தான். புது ரஷ்ய ஜோடி ஒன்று வரவழைத்தேன். பிறகு யாரோ பிரிக்காமல் அட்டைப்பெட்டியில் வைத்திருந்த பழைய ஜோடி. வால்வின் தலையில் வெள்ளிப் பூச்சு வெளுக்காமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தேன். பிறகு மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் முட்டுகுத்தி, "கர்த்தாவே, இதாவது" என்று ஜெபித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டேன். "சு" வரவில்லை.

குறை எங்கே என்று தெரியாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். "இடத்தையும் வலத்தையும் மாத்திப் போட்டுப் பாரு. குறையும் கூடவே மாறிப் போச்சுன்னா வால்வு. அங்கயே நின்னா வேற எங்கயோவாக்கும்." அதை மட்டும் நான் செய்யவில்லை, மைனி. அங்கேயே நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம்.

கடைசியில் மாற்றினேன். குறை இடப்பக்கமே நின்றது.

அமரவிளையிலிருந்து ரேடியோ ரிப்பேர் செய்கிறவரை வரச்சொன்னேன். அவர் கேசட் முழுவதும் கேட்டார். "சேச்சி, ரெண்டும் ஒண்ணுபோலத்தான் கேக்குது. ஒரு குழப்பமும் இல்ல."

"நல்லா கேளுங்கோ. 'இயேசுவே'ல 'சு' வரல்ல."

"வருதே! தெளிவாட்டு வருது. மற்ற பெண்ணுங்களுக்குக் கீழ ஒரு அம்மை பாடுதாவளே, அவிய குரல்தானே?"

சபைப் பாடகர் குழுவில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோவில் இத்தனை வருஷம் உங்கள் தோளோடு ஒட்டி நின்றவள் நான். எனக்குக் கேட்காத உங்களை, முன்பின் தெரியாத அந்த மனுஷர் கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு, மாற்றிப் பார்க்காத ஒன்றுதான் பாக்கி இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். இடது ஸ்பீக்கர் இப்போது என் வலது காதுக்கு. "இயேசுவே" என்றீர்கள். "சு" முழுசாக விழுந்தது. மங்கல் மறுபக்கம் போய் ஆண்கள் குரலில் உட்கார்ந்துகொண்டது. குறை என் கூடவே திரும்பியிருந்தது.

வால்வாக இருக்கட்டும், பெட்டியாவது கெட்டுப்போயிருக்கட்டும் என்று எவ்வளவு கெஞ்சியிருப்பேன்! நெய்யாற்றின்கரையில் காது டாக்டர் ஹெட்போன் மாட்டிப் பார்த்தார். இடது இனித் திரும்பாது, வலதிலும் தொடங்கிவிட்டது என்றார். காதில் மெஷின் வைத்தால் பேச்சு புரியுமாம். "குரல் அதே குரலாட்டு கேக்குமா?" என்று கேட்டேன். "பழகிரும்மா" என்றார். நான் கேட்டது அதை இல்லை.

நோட்டில் இடது ஜோடியின் பக்கத்தில், குறை என்ற இடத்தில், "எனது காது" என்று எழுதினேன். வரவழைத்த மூன்று ஜோடியையும் பேப்பரில் பொதிந்து, நல்லது என்று எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவை என்னைவிட நீண்ட நாள் கேட்கும்.

உங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்கு மனசில்லை, மைனி. பொறுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்து உட்கார்ந்து போடுகிறேன். கேசட் நின்றதும் நோட்டில் தேதி போட்டு, எதிரே ஒரு வரி எழுதுகிறேன். இன்றைக்கும் எழுதினேன்: சு கேட்டது.