குளியல் தொட்டியில் ஆறு பீர் ஜாடிகள்

டெரில்,

உன் தம்பி ரஸ்ஸை அழைத்துவர பஸ் நிலையத்துக்குப் போகிறேன். போர்ட்லண்ட் பஸ் மூன்று மணிக்கு வருகிறது. நாலு மணிக்கு வீட்டில் இருப்போம். அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சாப்பிடு.

சாப்பிட்டதும், நீ வீட்டிலேயே காய்ச்சி, குளியல் தொட்டியில் புளிக்க வைத்திருக்கும் ஆறு பீர் ஜாடிகளையும் எடுத்துவிடு. பக்கத்து வீட்டு ஹார்லன் தன் காரேஜில் இடம் ஒதுக்கியிருக்கிறார். ஜூஸ் ஜாடிகளின் வாயில் கட்டிய பலூன்களை அவிழ்க்காதே. பழைய ஊறுகாய் ஜாடியை, அதன் குழாய் முங்கியிருக்கும் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்தே தூக்கு. எதையும் இறுக்கி மூடினால் வெடித்துவிடும் என்று நீதானே சொன்னாய்.

"இப்ப அசைச்சா எல்லாம் பாழாயிடும். அவன் ஒண்ணும் குழந்தை இல்ல" என்று நேற்று கத்தினாய். குழந்தை இல்லைதான். ஆனால் ரஸ் குடியை விட்டு நாற்பது நாள்தான் ஆகிறது. அவன் பல் தேய்க்கும் இடத்தில் பீர் நுரைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வாசல் கதவைத் திறந்து வை. திறந்திருந்தால் உள்ளே வருவோம். மூடியிருந்தால் அவனோடு என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். எப்போது திரும்புவேன் என்று தெரியாது.

லோர்னா

ஆரஞ்சுத் தோல் போட்ட ஜாடியைப் பார்த்து எடு. முகர்ந்து பார்த்தேன். நீ இதுவரை செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது.

வாடை போக குளியலறை ஜன்னலைத் திறந்து வை.

இன்னொன்று. காலையில் குடி சிகிச்சை இல்லத்திலிருந்து ரஸ் போன் செய்தான். "அண்ணி, வீட்ல எதுவும் இல்லல்ல? இருந்தா சொல்லிடுங்க, நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கறேன்" என்றான். எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.