ஸ்டெல்லாவை மறக்காத ஒருவர்

இன்று சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஒரு டீ-சர்ட்டின் மேல் கசங்கிக் கிடந்தாள். ஏற்றுமதியில் கழித்துப் போட்ட துணியை மலையாகக் குவித்து, அதன் மேலேயே ஏறி நின்று கத்தி விற்பார்களே, அப்படி ஒரு குவியலில். முகம் சரியாகத்தான் இருந்தது. நெற்றியோரத்து நட்சத்திர கிளிப்கூட இருந்தது. முடியை மட்டும் நீலத்துக்குப் பதிலாகப் பச்சையில் அடித்துத் தொலைத்திருந்தார்கள். நீ கூட இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பாய். "அரே யார், இது பிரிண்டிங் மிஸ்டேக் இல்ல. இது வேற டைம்லைன் ஸ்டெல்லா. இவ இன்னும் விளக்கையே ஏத்தல, அதான் முடி பச்சை" என்று ஆரம்பித்து, நான் கையைப் பிடித்து இழுக்கும்வரை நிறுத்தியிருக்க மாட்டாய்.

நான் அதை வாங்கவில்லை. கையில் ஏற்கெனவே உன் அம்மாவுக்கு வாங்கிய பேக்கிங் டேப்பும் சாக்கு தைக்கும் ஊசியும் இருந்தன. அம்மாவுக்கு ரிடையர்மென்ட் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு, திண்டுக்கல் பக்கம் தங்கை வீட்டோடு போய்விடப் போகிறார். இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற கால்களுக்கு இனிமேலாவது ஓய்வு கிடைக்கட்டும்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த நீ தமிழ்க் கடைப் பலகையைக்கூட எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். உயிரோடு இருந்தாலும், "நீயே படிச்சுக் காட்டுடீ, எனக்குக் கண்ணு வலிக்கும்" என்று என்னிடமே நீட்டியிருப்பாய். ஆக, எப்படிப் பார்த்தாலும் நீ இதைப் படிக்கப்போவதில்லை. அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எதையும் அலங்கரித்துச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

போன வாரம் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் என் போன் திரையைப் பார்த்துவிட்டு, அது என்ன படம் என்று கேட்டாள். சொன்னேன். ஜப்பான்காரர்களின் அனிமே. பள்ளிக்கூடப் பெண்களுக்கு ஆளுக்கொரு விளக்கு கிடைக்கும். ஏற்றினால் யாரையும் காப்பாற்றுகிற சக்தி வரும். உடை மாறும், ரிப்பன் பறக்கும், பார்த்தால் குழந்தைகளுக்கு எடுத்தது மாதிரியே இருக்கும். ஆனால் அந்த விளக்குக்கு எண்ணெய் கிடையாது. அது எரிப்பது மற்றவர்களுடைய ஞாபகத்தை. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும், அவளைத் தெரிந்த யாரோ ஒருவர் அவளை அடியோடு மறந்துபோவார். கடைசியில் பெற்ற தாயே "யாரும்மா நீ?" என்று கேட்பாள். நான் சொல்லி முடித்ததும் அந்தப் பெண், "கர்மம், இதையெல்லாமா உக்காந்து பாப்பீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் விளக்க அலுப்பாக இருந்தது.

நாம் பார்த்தது முனிர்காவில், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடலாம் என்கிற அந்த அறையில். திருநெல்வேலியிலிருந்து படிக்க வந்து, இந்தி தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்த என்னை நீ அறைத்தோழியாகச் சேர்த்துக்கொண்டாய். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு எதற்கடீ வாடகை அறை என்று கேட்டதற்கு, "வீட்ல மம்மி ஜல்தி தூங்குன்னு சொல்லும்" என்றாய். ஜப்பான் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று அந்தப் பெண்களுக்கெல்லாம் உங்கள் வீட்டுப் பெயர்களாகப் பார்த்து வைத்தாய். ரீட்டா, பெர்னதெத், ஸ்டெல்லா. நட்சத்திர கிளிப் போட்டிருந்ததால் அவள் ஸ்டெல்லா. தன் தோழியைக் காப்பாற்றக் கடைசி முறையாக விளக்கை ஏற்றி, அந்தத் தோழியே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போகும்போது ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பாளே, அவள். அன்று நீ அழுத அழுகையில் கீழ்வீட்டு அண்ணன் வந்து கதவைத் தட்டி, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார்.

நமக்குள் சண்டையெல்லாம் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றித்தான். ஸ்டெல்லா காலி வீட்டுக்குத் திரும்புகிறாள். மேஜையில் இரண்டு டீக் கோப்பைகள் இருக்கின்றன. ஒருத்திதானே இருக்கிறாள், இரண்டாவது கோப்பை யாருக்கு? நீ அதைப் பிடித்துக்கொண்டாய். பிறகு போன் விளையாட்டாக ஒன்று வந்தது, ரீட்டாவை வைத்து ஒரு காமிக்ஸ் வந்தது, விளக்குகள் எப்படி உண்டாயின என்று ஒரு முன்கதை வந்தது. ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. உனக்கோ அதுதான் கொண்டாட்டம். முட்டிக்கொள்கிற இடத்தையெல்லாம் கோத்து ஒரு தியரி செய்வாய். "காட்டினத மட்டும் நம்புடீ" என்பேன் நான். "காட்டாம விட்டதுலதான்டீ கதையே இருக்கு" என்பாய் நீ. புதிதாக எது வெளிவந்தாலும், யாருடைய கணிப்பு தோற்றதோ அவர் தெருமுனைக் கடையில் மோமோவுக்குத் தருகிற சிவப்புச் சட்னியைத் தண்ணீர் குடிக்காமல் வழித்துத் தின்னவேண்டும் என்று ஒரு வழக்கம். பெரும்பாலும் நீதான் தின்றாய். மூக்கு ஒழுக ஒழுக, "அடுத்த சீசன்ல பாரு" என்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆசைப்பட்டு, சர்ச்சில் தமிழ்ப் பூசைக்கு உங்களோடு வந்தேன். எனக்குக் கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை, உனக்கே தெரியும். யார் யாருக்காக வேண்டிக்கொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று சாமியார் அன்றைய பூசைக் கருத்துகளை வாசித்துக்கொண்டு வந்தார். இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாருடைய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிய. அடுத்ததாக, "எல்லாராலும் கைவிடப்பட்ட ஸ்டெல்லாவின் நலனுக்காக" என்றார். நீ என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போய்க் கிடந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டால், அம்மா சாவகாசமாகக் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னார். "இவ இங்க வந்தா நீங்க ரெண்டு பேருந்தான போன்ல எப்பப் பாத்தாலும் பேசிக்கிறீங்க. எல்லாரும் அவள மறந்துட்டாங்க, பெத்தவளே யாருன்னு கேட்டுட்டா, அந்தப் புள்ள தனியா ஸ்டேஷன்ல நிக்கிதுன்னு. எனக்கு மனசு கேக்கல. அதான் பேரு குடுத்தேன். ஹாஸ்டல் புள்ளையா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாத்ரூமுக்குள் ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் நீ சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாய். "ஆமா மம்மி, ஹாஸ்டல் பொண்ணுதான்" என்று சொல்லிவிட்டிருந்தாய். ஏன்டீ இப்படி என்று கேட்டதற்கு, "அரே விடு யார். அவளுக்கு ஒருத்தராவது வேண்டட்டும்" என்றாய். அதன் பிறகு அம்மா விடவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் புள்ள எப்படி இருக்கு?" என்று கேட்பார். பரவாயில்லை ஆன்ட்டி என்று சொல்லி வைப்பேன்.

உன்னுடைய பெரிய தியரி அதற்கடுத்த வாரம்தான் வந்தது. விளக்கு எரிப்பது ஞாபகத்தை. ஞாபகம் என்பது அவளோடு பழகியவர்களுக்குத்தான் இருக்கும். அவளைப் பார்த்தே இராதவர், யாரோ சொல்லக் கேள்விப்பட்டவர், அவரிடம் எரிக்க விளக்குக்கு ஒன்றுமே கிடையாது. ஆகவே ஸ்டெல்லாவை மறக்காத ஒருவர் எங்கோ இருக்கிறார், இரண்டாவது கோப்பை அவருக்குத்தான். இதை இங்கிலீஷில் நீளமாக எழுதி ரசிகர் குழுவில் போட்டாய். பாதிப் பேர் ஆஹா என்றார்கள், பாதிப் பேர் பைத்தியம் என்றார்கள். நான் இரண்டாவது கட்சி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல ஒரு முழுநீளப் படம் வரப்போவதாக அறிவிப்பு வந்தது. "வரட்டும், இந்தத் தடவை சட்னி உனக்குத்தான்" என்றாய்.

படம் வருவதற்கு முன்னால் மழைக்காலம் வந்தது. டெங்கு வந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. கோபமாக வருகிறது. ஒரு கொசுவுக்குப் போய்ச் சேர்ந்தாயே, உனக்கே இது கேவலமாக இல்லையா?

அடக்கம் முடிந்து, வந்தவர்களெல்லாம் கிளம்பிய பிறகு அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, ஸ்டெல்லாவுக்கு விஷயம் தெரியுமா? அவளுக்கு யாரு சொல்லுவா?" என்றார். "சொல்றேன் ஆன்ட்டி" என்றேன். மகளைப் புதைத்துவிட்டு வந்தவரிடம், ஸ்டெல்லா என்று ஒருத்தியே கிடையாது என்று எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து எல்லா ஞாயிறும் அங்கே போனேன். எல்லா ஞாயிறும் அதே கேள்வி. போன மாதம், "நான் ஊருக்குப் போறதுக்குள்ள அந்தப் புள்ள கதை என்ன ஆச்சுன்னு சொல்லிரும்மா. தெரியாமப் போனா எனக்கு அங்க தூக்கம் வராது" என்று கேட்டுவிட்டார். நான் உண்மையாகவே களைத்துப் போயிருந்தேன்.

படம் வந்தது. பகல் காட்சிக்கு, பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டு தனியாகப் போனேன். முன்வரிசையில் சின்னப் பெண்கள் நட்சத்திர கிளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் எல்லாம் விளங்கியது. இரண்டு கோப்பைகளையும் வைப்பவள் ஸ்டெல்லாவேதான். பழக்கதோஷத்தில் இரண்டாவதை எடுத்து வைக்கிறாள், பிறகு பார்த்துக்கொண்டே இருக்கிறாள். யாரும் வரவில்லை. யாருக்கும் அவளை ஞாபகமில்லை. வெளியே வரும்போதே ரசிகர் குழுவில் உன் பழைய பதிவைத் தோண்டியெடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் ஜெயித்தேன். முனிர்காவுக்குப் போய் அந்த மோமோக் கடை முன்னால் நின்றேன். ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். நீ தோற்றால் எப்படிக் கத்துவாய் என்று நினைத்துப் பார்த்தேன். சொற்கள் வந்தன, குரல் வரவில்லை. உன் குரல் எனக்குச் சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறதடீ. பயமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் அம்மாவும் நானும் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தோம். நான் எதிர்பார்த்த மாதிரியே அவர் கேட்டார். "என்னம்மா, அந்தப் புள்ள என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல ஆன்ட்டி. தனியாத்தான் இருக்கா. யாருமே அவள நினைச்சுப் பாக்கல."

"யாருமேன்னா?"

"யாருமேதான் ஆன்ட்டி."

அம்மா ஊசியைக் கீழே வைத்தார். "என்னம்மா பேசுற? அப்ப நான் யாரு? போன ஞாயித்துக்கிழமை பூசையிலகூட அவ பேரு குடுத்துட்டுத்தான வந்தேன்?"

எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "ஆன்ட்டி, ஸ்டெல்லா நெஜப் பொண்ணு இல்ல. அது ஒரு கார்ட்டூன். அப்பவே உங்ககிட்டச் சொல்லியிருக்கணும்."

"அது தெரியும்மா" என்றார், மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டே. "இவ போன கொஞ்ச நாளைக்கெல்லாம் எங்க வார்டுப் பொண்ணு ஒண்ணு போன்ல போட்டுக் காமிச்சுச்சு. பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். இவ போனதுக்கு அப்புறம் நான் சிரிச்சதே அன்னிக்குத்தான்."

"அப்புறமும் எதுக்கு ஆன்ட்டி என்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"நீ அவளப் பத்திப் பேசுறப்ப எம் பொண்ணு பேசுற மாதிரியே இருக்கும். வேற என்ன?" சாக்கின் வாயை இழுத்துப் பிடித்தார். "காய்ச்சல்ல கெடக்குறப்பகூட, 'ஸ்டெல்லாவுக்கு வேண்டிக்கிட்டியா மம்மி'ன்னு கேட்டா. கார்ட்டூனா இருந்தா என்னம்மா? எம் பொண்ணு சொன்ன பேரு. பாதியில விட முடியுமா?"

அந்தச் சாக்கு மூட்டையின் மேலேயே தலையை வைத்து அழுதேன். அம்மா முதுகைத் தட்டிக்கொண்டே, "அழுதது போதும், ஜல்தி தையி, லாரிக்காரன் வந்துருவான்" என்றார். உன் தியரியை நீ எந்த வீட்டு அடுப்படியிலிருந்து எடுத்தாய் என்பது எனக்கு இவ்வளவு தாமதமாகத்தான் உறைத்தது.

கிளம்பும்போது அம்மா எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டார். "ஊர்ல நான் குடுத்துக்கிறேன். இங்க இனிமே நீதான் அவளுக்குப் பேரு குடுக்கணும்" என்றார். நான் சாமி கும்பிடாதவள் என்று சொல்லிப் பார்த்தேன். "உன்னைக் கும்பிடவா சொன்னேன்? பேரக் குடுத்துட்டு வா, அச்சா?" என்று முடித்துவிட்டார்.

ஆக, இந்த ஞாயிறு காலைத் தூக்கம் போயிற்று. போகிறேன். ஸ்டெல்லாவின் பெயரோடு உன் பெயரையும் கொடுப்பேன். நான் உன்னைக் கேள்விப்பட்டவள் இல்லை, கூட இருந்தவள். நீ சொன்ன கணக்குப்படி பார்த்தால் உன்னை மறக்கக்கூடியவள் நான்தான், அது ஆரம்பித்தும்விட்டது. சாமியார் உன் பெயரை மைக்கில் உரக்க வாசிக்கட்டும். உன்னை ஒருநாளும் பார்த்திராத அத்தனை பேரும் அதைக் கேட்கட்டும்.