குணம் விடைபெறாத கடிதம்

உ

உரும்பிராய்
14.10.1993

அன்பு மகள் வதனிக்கு,

நல்லூரான் துணையால் நானும் அப்பாவும் சுகமே இருக்கிறோம். நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாய் இருக்கவேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். ஆவணியில் நீ எழுதிய கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், அது எப்போதோ மாறியிருக்கும், நான் இப்போதுதான் இருந்து கவலைப்படுகிறேன். அப்பா மழை விட்டதும் வெங்காயம் வைக்கப்போகிறாராம், தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் எங்கே என்று கேட்டால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்.

பிள்ளை, உன்னிடம் ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன். என்னோடு மானிப்பாயில் படிப்பித்த குணலட்சுமி அன்ரி, புருஷனோடு மகனிடம் பர்மிங்ஹாம் போன நாளிலிருந்து எனக்குக் கடிதத்தில்தான் இருக்கிறாள். எப்போதும் "உன் கையைப் பிடித்தபடி, குணம்" என்றுதான் முடிப்பாள். கடிதம் வந்தால் நான் முதலில் அந்த வரியைத்தான் பார்ப்பேன். ஒருமுறை வெறுமனே "அன்புடன்" என்று போட்டுவிட்டாள், நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். உமக்குக் கையைப் பிடிக்க அவ மறந்துபோனா, அதுக்கு எனக்கேன் தேத்தண்ணி இல்லை என்று அப்பா பகிடி பண்ணினார். போன மாதம் வந்த கடிதம் அரைப்பக்கம்தான். குளிர், பஸ், மரக்கறி விலை, அவ்வளவோடு நின்றுவிட்டது. கீழே ஒரு சொல் இல்லை, பெயர்கூட இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லண்டன் பக்கம் போனதும் நாங்கள் ஒன்றுமில்லாமல் போய்விட்டோம் என்று எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. அன்றைக்கே நாலு வரி எழுதி, கல்விக் கந்தோருக்கு எழுதுவதுபோல "இங்ஙனம், திருமதி மீனாம்பிகை நமசிவாயம்" என்று முடித்து, கிளாலிக் கடல்நீரேரியால் கொழும்புக்குப் போகவிருந்த ஏரம்பண்ணையிடம் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

முந்தநாள் பக்கத்து வளவுச் சிவக்கொழுந்தக்காவின் செத்தவீடு. விடைபெற எழும்பும்போது போட்டு வாறன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். செத்தவீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, வீட்டுக்காரரும் வாங்கோ என்றோ போட்டு வாங்கோ என்றோ சொல்வதில்லை, உனக்குத் தெரியும்தானே. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றும்போதுதான் பிள்ளை, எனக்குப் பொறிதட்டியது. குணமும் அப்படித்தானே நிறுத்தியிருக்கிறாள். ஈரச் சேலையோடு ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்தேன். மேலே பிள்ளையார் சுழியும் இல்லை. அவளுடைய அவர், பரமலிங்கம் மாஸ்டர், என்னைச் சுகம் கேட்டதாக எப்போதும் ஒரு வரி இருக்கும். அதுவும் இல்லை. எனக்கு நெஞ்சுவருத்தம் என்று மறைத்தாளோ, குண்டுக்கு நடுவில் இருப்பவளுக்குத் தன் துக்கமும் ஏன் என்று விட்டாளோ தெரியாது. சொல்லாமல் இருக்க முடிந்தவளுக்கு, துக்கவீட்டிலிருந்து விடைபெற்று முடிக்க முடியவில்லை.

ஏரம்பண்ணை போன கிழமையே கடல்நீரேரி கடந்துவிட்டார் என்று அவர் மனைவி சொல்கிறா. ஓடிப்போய்ப் பறிக்கவும் முடியாது, தந்தி இல்லை, போன் இல்லை. அடுத்துப் போகிறவர் கையில் இதைக் கொடுப்பேன். எது முந்திப் போய்ச் சேருமோ, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீயும் அந்த நாட்டில்தானே இருக்கிறாய், ரெயின் எடுத்து அவளிடம் நேரில் போ, போனில் கேட்காதே. மாஸ்டர் வந்து கதவைத் திறந்தால், அம்மாவுக்கு விசர் என்று சொல்லிச் சிரி, எனக்கு அதைவிட வேறு சந்தோஷம் வேண்டாம். அவர் இல்லையென்றால் அவளுக்குப் பக்கத்தில் பேசாமல் இரு. என் கடிதம் உடைக்காமல் கிடந்தால் கேளாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடு. வாசித்துவிட்டாள் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை பிள்ளை. எழும்பும்போது போட்டு வாறன் என்று சொல்லிவிடாதே.

குழந்தைக்குத் தலை நன்றாகத் துவட்டு. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் காப்பான். கடிதத்தில் எதை எழுத மறந்தாலும் கடைசி வரியை மறக்காதே. இனி அதைப் பார்த்த பிறகுதான் மேலே வாசிக்க எனக்குத் துணிவு வரும்.

உன் கையைப் பிடித்தபடி,
அம்மா