நானா போட்ட பெக்கிங்

என் உயிரான, எனக்கு மூத்த நானாவுக்கு,

நீங்கள் மௌத்தாகி, உங்களை அடக்கி ஏழு மாதமாகிறது. பாலாவியில் நம் கராஜை இப்போது நான்தான் திறக்கிறேன். வருகிறவர்கள் உங்களைத்தான் கேட்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் கண்கலங்குகிறார்கள். பிறகு, 'இவனா?' என்பதுபோல என்னைப் பார்க்கிறார்கள்.

எனக்கு உங்கள் மேல் பொறாமை, நானா. வாப்பா லொறிச் சாவியை உங்கள் கையில்தான் கொடுப்பார். எனக்குத் துடைக்கிற துணி. மௌத்தானவர் மேல் பொறாமைப்படுகிறேன் என்று யாரிடம் சொல்வது?

போன கிழமை கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரி சலீம் ஹாஜியார் தன் ஓட்டோமெட்டிக் கியர் லொறியோடு வந்தார். கியர் பெட்டியின் அடித்தட்டில் ஒயில் கசியாமல் அடைக்கிற பெக்கிங்கை நீங்கள் கடைசியாக மாற்றிக் கொடுத்த அதே லொறி. நிறுத்திய இடத்தில் சிவப்பு ஒயில் சொட்டியது.

"எங்கயால ஒழுகுது தம்பி?"

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நானா போட்ட பெக்கிங்தான் பிழை, ஹாஜியார்."

சொல்லும்போது எவ்வளவு இனித்தது தெரியுமா? அவர் அங்கேயே நின்று தன் கூட்டாளிக்குப் போன் எடுத்தார். "அவர்ட வேலயும் பிழச்சிட்டு, பாருங்க."

பெக்கிங்கைக் கழற்றுமுன் அடிப்பக்கம் முழுவதையும் டீசலால் கழுவித் துடைத்தேன். கீழே காட்போட் மட்டை விரித்தேன். எஞ்சினைச் சூடாக்கி, ஹாஜியாரை பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு கியரை முன்னும் பின்னும் மாற்றச் சொல்லிவிட்டு, டோர்ச்சோடு அடியில் படுத்தேன். நீங்கள் போட்ட பெக்கிங்கைச் சுற்றி ஒரு பொட்டு ஈரமில்லை. மூன்று தடவை விரலால் தடவிப் பார்த்தேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது, நானா. ஒரே ஒரு துளியாவது இருக்கக்கூடாதா?

ஒயில் வந்தது மேலேயிருந்து. ஒயிலைக் குளிராக்கும் கூலருக்குப் போகும் பைப் ஒரு இரும்புத் துண்டில் உரசி உரசி, ஊசிமுனை அளவு ஓட்டை. அங்கிருந்து பெட்டியின் பக்கமாக வழிந்து அடித்தட்டின் மூலையில் சொட்டியிருக்கிறது. பெக்கிங்கை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், கொழும்பு போகும் வழியில் ஒயில் தீர்ந்து கியர் பெட்டியே எரிந்திருக்கும்.

பைப்பை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் ஹாஜியாரை இறங்கிக் குனியச் சொல்லி ஓட்டையைக் காட்டினேன்.

"நானாட வேல சரி, ஹாஜியார். நான் பாக்காமலே சொல்லிட்டன்."

அவர் டோர்ச்சை வாங்கி ஓட்டையைப் பார்த்தார். "ஒங்கட நானா இருந்தா வந்த ஒடனயே கண்டுபுடிச்சிருப்பார்."

பார்த்தீர்களா? அதுவும் உங்களுக்கே போய்விட்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹாஜியாரின் கூட்டாளி, உங்கள் வேலை பிழைத்துவிட்டது என்ற கதையைக் கற்பிட்டிச் சந்தை முழுக்கப் பரப்பியிருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அங்குள்ள பள்ளிவாசலுக்குப் போகிறேன். தொழுகை முடிந்து எல்லோரும் நிற்கும்போது, பிழை என் வாயில்தான் என்று நானே சொல்வேன். பொறாமை போய்விடும் என்று வாக்குத் தர முடியாது. இதற்கு மட்டும் வாக்குத் தருகிறேன்.

உங்களுக்குப் பின் பிறந்தவன்,
உங்கள் தம்பி றியாஸ்