பெருக்கி வைத்த கரடு

மார்ச் 9, ஞாயிறு
இன்றும் கரட்டுக்குப் போனேன். ராயக்கோட்டை தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தச் சின்னக் குன்றின் மாட்டுத்தடத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் வெட்பாலை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. நரிவெங்காயமும் வந்துவிட்டது. இலையே இல்லாமல் வெறும் குச்சியாக நிற்கும், சாயங்காலம் பார்த்தால் குச்சி முழுக்கப் பூ. வாரம் ஆறு நாள் கம்பெனியில் போல்ட்டையே பார்த்துத் தேய்ந்த கண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

மார்ச் 11, செவ்வாய்
கம்பெனியில் எல்லாரும் குடும்பத்தோடு ஒரு நடை போகிறோமாம். பூ எங்கே பார்க்கலாம் என்று எச்.ஆர். சுகுணா கேட்டாள். என் வாய் சும்மா இருக்குமா? தடம் முதற்கொண்டு சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு
இன்றுதான் கம்பெனி நடை.

நாலு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால் — ஒன்றுமே இல்லை. தடத்தின் இரண்டு பக்கமும் மொட்டை. வெட்பாலைக் கிளைகளைக் கைக்கு எட்டும் வரை வெட்டியிருக்கிறார்கள். நரிவெங்காயம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓரமெல்லாம் சுண்ணாம்புக் கோடு வேறு!

செய்தது யார்? என் வீட்டுக்காரர். எங்கள் கம்பெனியிலேயே சேஃப்டி ஆபீசர் பாஸ்கரன். நேற்றுக் காலையில் ஆள் கூட்டிப்போய், புல் வெட்டும் மெஷினை ஓட்டியிருக்கிறார்.

“பாம்பு கீம்பு இருந்தா யாரு பதில் சொல்றது? நீ கூட்டிட்டுப் போற எடம் ஜோதி, நல்லபடியா இருக்கணும்ல?”

“அங்க நின்ன நரிவெங்காயப் பூ?”

“எந்தப் பூ? காஞ்ச குச்சிதான் நின்னுச்சு.”

காலையில் போனால் குச்சிதானே தெரியும்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த கங்கப்பன் நின்று பார்த்தார். “எங்க ஆடுங்ககூட இவ்ளோ சுத்தமா மேயாதும்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும்தான்.

மார்ச் 17, திங்கள்
இவர் வண்டியில் ஏறாமல் கம்பெனி பஸ்ஸில் போனேன்.

மார்ச் 20, வியாழன்
நோட்டீஸ் போர்டில் இவருக்குப் பாராட்டு. சின்னக் கீறல்கூட யாருக்கும் இல்லாமல் நடந்து முடிந்ததாம். மைசூர்பாக்கு வாங்கி வந்தார்.

“இன்னுமா கோவம்? மறுபடி மொளைக்காதா என்ன?”

முளைக்கும். கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. ஆனால் மெஷினும் இவரிடம்தானே இருக்கிறது?

“அடுத்த வருசம் வேற எடம் சொல்லு, இதைவிட சூப்பரா ரெடி பண்ணித் தர்றேன்.”

ஆசையாகத்தான் சொல்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு ஆறியிருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? மைசூர்பாக்கைத் தொடவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு
வேறு இடம் கண்டுபிடித்துவிட்டேன். அங்கே நரிவெங்காயம் நிறைய இருக்கிறது, கொன்றையும் பூக்கத் தொடங்கிவிட்டது. எந்த இடம் என்று இதில்கூட எழுத மாட்டேன்.

கிளம்பும்போது, “நானும் வரட்டா?” என்றார். ராயக்கோட்டைக்குத் தக்காளி வாங்கப் போகிறேன், கூட்டமாக இருக்கும் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து இவரிடம் நான் பொய் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்குப் பக்கத்தில் மத்திகிரிக் கடையிலேயே இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி ரசத்தை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டார். “ராயக்கோட்டைத் தக்காளின்னா தக்காளிதான். இனிமே வாராவாரம் அங்கயே போய் வாங்கிட்டு வந்துடு” என்றார்.

சரிங்க என்றேன்.